மெதுவாக இளக்கவும்

பிளாஸ்டிக் குழாயினுள் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டுமானால் குழாயின் கழுத்தை நெரிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. இரண்டு உருண்ட இரும்புத் தண்டுகளுக்கு நடுவே குழாயை வைத்து மேலேயுள்ள கைப்பிடியைத் திருகினால், மேல்தண்டு சிறிது சிறிதாக இறங்கிக் குழாயைத் தட்டையாக்கும். உட்சுவர்கள் ஒன்றையொன்று தொட்டதும் ஓட்டம் நிற்கும். தெரு வால்வை மூடி எல்லா வீடுகளையும் தண்ணீரின்றி வைக்காமல், பழுதான இடத்துக்குச் சற்று முன்னால் மட்டும் நீரைப் பிடித்துவைக்க இது உதவுகிறது. வேலை முடிந்ததும் கைப்பிடியை எதிர்த்திசையில் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். நசுங்கிய பிளாஸ்டிக் தன் வட்டத்துக்குத் திரும்ப நேரம் எடுக்கும். குளிர்நாளில் இன்னும் கூடுதலாக எடுக்கும். அவசரப்பட்டால் மடிப்பில் வெடிப்பு விழும்.

அந்தக் கருவியின் ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் ஓர் அட்டையாக எழுதிக் கொடுத்தபோதுதான் இவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்டேன். நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தவள். குழாய்களுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு என் சித்தப்பா. அம்மாவின் தங்கையுடைய கணவரான அவர், நியூ லின் புறநகரில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, நிலத்தடிக் குடிநீர்க் குழாய்களைப் பழுதுபார்க்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறார். பெரிய ஒப்பந்த நிறுவனம் ஒன்று எடுக்கும் வேலைகளில் சில்லறையானவை அவரிடம் வரும். வாரத்தில் சில நாள் மட்டும் வரும் யாழ்ப்பாணத்தவர் இருவரைத் தவிர, அவரிடம் நிரந்தரமாக வேலை செய்தவர் ஒருவர்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பிளம்பர்.

அந்தப் பிளம்பரின் விசா சித்தப்பாவின் நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் அவர் இந்நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காணும். கடந்த ஜூலை மாதத்துக்குள் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்து, விமானச் சீட்டும் எடுத்தாகியிருந்தது. அவர்கள் வர ஆறு வாரமே இருந்தது. த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு யூனிட்டைப் பார்த்துவைத்திருந்தார். மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று அவர் என்னிடம் விசாரித்ததே எங்களுக்கிடையே நிகழ்ந்த முதல் நீண்ட உரையாடல். அட்டையை எழுதியவள் என்பதால் என்னை ‘டீச்சர்’ என்பார். நான் அவரை அண்ணா என்பேன். அதற்கு மேல் அதிகம் பேச மாட்டேன்.

அட்டையை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதில் இருந்தவை ஏழே வரிகள். வேலையாட்கள் எல்லோரும் ஸ்குவீசர் என்று சொல்லிவந்த கருவிக்கு ‘நெரிப்பான்’ என்று பெயர் வைத்தேன். (“நல்ல பேரு டீச்சர், சப்-இன்ஸ்பெக்டருக்கு வெச்ச மாதிரி இருக்கு” என்றார் பிளம்பர்.) ‘லூஸ் பண்ணு’ என்பதைத் தாளில் எழுத என் கை கூசியது. முதலில் ‘தளர்த்தவும்’ என்று எழுதிப் பார்த்தேன். அரசாங்கச் சுற்றறிக்கைபோல இருந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் எதையும் தளர்த்துவதில்லை; இளக்குவோம். இடுப்புப் பட்டியை இளக்குவோம், முடிச்சை இளக்குவோம், இறுகிப்போன போத்தல் மூடியை இளக்கித் திறப்போம். உடம்பைப் பிடிக்காத சட்டை இளக்கமான சட்டை. கைக்குப் பழகிய, உயிருள்ள சொல் என்று நினைத்தேன். ஆறாவது வரி இப்படி அமைந்தது:

‘குளிர்நாளில் குழாயை மிக மெதுவாக இளக்கிய பின்னரே நெரிப்பானைக் கழற்றவும்.’

அந்த வாக்கியத்தைப் பலமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து உள்ளூர மகிழ்ந்தேன். சித்தப்பா படித்துவிட்டுத் தலையாட்டினார். யாழ்ப்பாணத்தவர் இருவரும் படித்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அட்டைக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினோம். அப்போது கோடைகாலம். ஆறாவது வரிக்கு வேலையே வரவில்லை.

இங்கே குளிர்காலமான ஜூலை மாத விடுமுறையில் சித்தப்பா என்னைப் படமெடுக்க அழைத்தார். ஒவ்வொரு வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துப் பெரிய நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. தோண்டுமுன் ஒரு படம், தோண்டியபின் ஒன்று, கருவி பொருத்தியதும் ஒன்று. கைபேசியில் எடுக்கும் படம், எடுத்த நேரத்தோடு, அந்தக் கணமே அவர்களுடைய கணினியில் போய்ச் சேரும். பேச வேண்டிய அவசியமில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அன்று வேலை எப்சமில், எரிமலைக் கற்களால் கட்டிய மதில் கொண்ட ஒரு வீட்டின் முன்னால், நடைபாதையோரப் புல்தரையில். புல்லில் உறைபனி வெண்மையாகப் படிந்திருந்தது. பிளம்பர் இரண்டு கம்பளி ஜம்பர்களைப் போட்டுக்கொண்டு, குழிக்குள் மண்டியிட்டு, நெரிப்பானைப் பொருத்தி நீரை நிறுத்தினார். ஒழுகிய துண்டை அறுத்தெடுத்துப் புதிய இணைப்பை வைத்து இறுக்கினார். எல்லாம் முறையாக நடந்தன. ஒவ்வொன்றையும் படமெடுத்தேன். சித்தப்பாவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. கழற்றுகிற வேலைதானே, பார்த்துக்கொள்ளும் என்று பிளம்பரிடம் சொல்லிவிட்டு, தெருமுனையில் நிறுத்தியிருந்த டிரக்கை நோக்கிப் பேசிக்கொண்டே போனார்.

பிளம்பர் கருவிப் பெட்டியின் மூடியைத் திறந்து அட்டையைப் படித்தார். விரலை வரிவரியாக நகர்த்தி, ஆறாவது வரியில் நிறுத்தி, புல்லின் மேலிருந்த உறைபனியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், மதிலோரம் வைத்திருந்த தன் பையிலிருந்து சிறிய எரிவாயு உருளையின் தலையில் பொருத்திய சுடர்க்கருவி ஒன்றைக் கொண்டுவந்து குழிக்குள் இறங்கினார். அதைப் பற்றவைத்தார். பற்றவைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். படத்துக்குத் தயாரா என்று கேட்கிறார் என நினைத்துத் தலையை அசைத்தேன்; கைபேசியை உயர்த்தி ஒரு படம் எடுத்தேன்.

கையேட்டில் எங்கும் நெருப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏழு வரிகளையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் நான். ஆனாலும் தொழில் தெரிந்த ஒருவரிடம், கையில் கருவியோடு இருப்பவரிடம், ஒன்றும் தெரியாத நான் என்ன கேட்பது என்ற கூச்சம். அப்படி ஒரு படி இருக்கும் போலும் என்று எண்ணி நின்றேன்.

அவர் நீலச் சுடரை நசுங்கிய இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் அழுத்திக்கொண்டிருந்த பக்கமாக, மிக மெதுவாக முன்னும் பின்னும் காட்டினார். அட்டை கேட்டதைப் போலவே மெதுவாக. குழாயின் மேல்தோல் பளபளத்தது. பிறகு அதில் ஒரு சிறிய வீக்கம் எழுந்தது. நான் வாயைத் திறந்தேன். குரல் வருமுன் குழாய் வெடித்தது.

அந்தச் சத்தத்தை எதனோடு ஒப்பிடுவது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. குழிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தூண் எழுந்து மதிலையும் தாண்டி உயர்ந்தது. பிளம்பர் பின்புறமாகத் தூக்கி எறியப்பட்டதைப் பார்த்தேன். கைபேசியை அப்போதும் உயர்த்திப் பிடித்திருந்தேன். சித்தப்பா ஓடிவந்து, வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி தெருமுனைக்கு ஓடினார். அவர் வால்வைக் கண்டுபிடித்து மூடும்வரை, தண்ணீர் பள்ளத்திலிருந்த வீட்டின் வாகனக் கூடத்துக்குள் சேறோடு புகுந்துகொண்டிருந்தது.

பிளம்பருக்கு உயிராபத்து இல்லை. இளகிய பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று முன்கையில் ஒட்டி உள்ளங்கை நீளத்துக்குத் தோலைச் சுட்டிருந்தது. தீப்புண்ணை ஓடும் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, பக்கத்து வீட்டுத் தோட்டக் குழாயில் கையை நீட்டிப் பிடிக்கச் செய்தேன். சித்தப்பா மூச்சிரைக்க வந்து நின்றார்.

“தம்பி, ஆர் உம்மை நெருப்பு வைக்கச் சொன்னது?”

“அட்டையில போட்டிருக்குண்ணே. குளிர்னா இளக்கிட்டுத்தான் கழட்டணும்னு.”

“ஓம், இளக்கச் சொல்லித்தான் கிடக்கு. இளக்கச் சொன்னா இளக்கிறதுதானே? கொளுத்துறதே?”

“கொளுத்தாம எப்படிண்ணே இளக்குறது? ஊர்ல பி.வி.சி. பைப்பை நெருப்புல காட்டி இளக்கித்தான் ஜாயின்ட் போடுவோம்.”

“பைப்பை இல்லையடாப்பா. கைப்பிடியைத் திருப்பி இளக்கிறது!”

“கைப்பிடி இரும்புண்ணே” என்றார் பிளம்பர். “அதை எப்படி இளக்க முடியும்?”

இருவரும் ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டு, மற்றவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்தார்கள். தோட்டக் குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் மட்டும் கண்ணில் பட்டது. வெல்லம் இளகும், தார் இளகும், கேட்பவர் மனம் இளகும். நூறு தடவை வாசித்த பொருள். அதை எழுதும்போது ஒரு தடவைகூட அது என் நினைவில் எட்டிப் பார்க்கவில்லை. அவர் அட்டையை மீறவில்லை. நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார்.

அந்த இடத்தில் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிளம்பரை மருத்துவரிடம் அழைத்துப் போனபோதும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பேரகராதியைத் திறந்தேன். உருக்குதல், மென்மையாக்குதல், அதன் பிறகு தளர்த்துதல். எல்லாம் ஒரே சொல்லின் கீழ், ஒரே பத்தியில், அரைப்புள்ளிகளுக்கு இடையே அமைதியாக அமர்ந்திருந்தன.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். பெரிய நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி, விபத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டிருந்தார். அன்று நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். நான் எடுத்த படத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். நெருப்பைப் பிடித்திருப்பவர் யார், அவரைத் தங்கள் பணியிடங்களில் அனுமதிக்கப்பட்டோர் பட்டியலிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார். பட்டியலிலிருந்து பெயர் போனால் சித்தப்பாவால் பிளம்பருக்குக் கொடுக்க வேறு வேலை கிடையாது. அடுத்து விசா, அடுத்து மனைவியும் மகளும் வருவது. சித்தப்பா பதிலை எழுதிவைத்திருந்தார். ஒரே பத்தி. எழுத்தில் கொடுத்த செய்முறையைப் பணியாளர் பின்பற்றவில்லை என்பது அதன் சாரம். அதிலுள்ள ஆங்கிலத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் தள்ளினார்.

இரவெல்லாம் விழித்திருந்தவரின் முகம் அது. தீய எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்தப் பத்தி உண்மை.

நான் அதைத் திருத்தாமல், அகராதிப் பக்கத்தின் நகலை அதன்மேல் வைத்தேன். என் விரல் சொல்லின் கீழ் நின்றது. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“இந்தியாவில அவையள் இதை உருக்கிறதுக்குத்தான் சொல்லுறவையோ?”

“ஓம் சித்தப்பா. பெரும்பாலும் அதுக்குத்தான். அவர் வாசிச்சதைத்தான் செய்தவர். பிழை என்ர கையில நடந்தது.”

“பிள்ளை, கார்ட் பிழையெண்டு எழுதினா அது கொம்பனியின்ர பிழையாப் போகும். விளங்குதோ?”

விளங்குகிறது என்றேன். பெரிய நிறுவனம் வேலை கொடுப்பதையே நிறுத்திவிடக் கூடும் என்பதும் விளங்கியது. சித்தி வீட்டு அடமானத் தவணை இந்தக் கொட்டகையின் வருமானத்தில்தான் கட்டப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தாளை நான் திரும்ப எடுக்கவில்லை. அவர் எழுந்து வெளியே போய் டிரக்கின் முன்னிருக்கையில், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“எழுது. ஆனா முதல்ல என்ர பேரைப் போடு. கார்டை வாசிச்சு, சரியெண்டு ஒட்டினவன் நான்.”

எழுதினேன். என் வாழ்வில் எழுதியவற்றுள் மிகக் கடினமான இரண்டு பக்கங்கள் அவை. தமிழ் அறியாத ஒருவருக்கு, ஒரு வினைச்சொல் கடலின் ஒரு கரையில் எதைச் செய்யச் சொல்கிறது, மறுகரையில் எதைச் செய்யச் சொல்கிறது என்பதை ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி, நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய பெண், அடுத்த வாரம் எங்களை நேரில் அழைத்தார். மேசையில் அட்டையும் என் படமும் இருந்தன. இந்த இரண்டு பொருளில் எது சரியானது என்று கேட்டார். இரண்டும் சரியானவை என்றேன். அப்படியானால் மேசையிலிருக்கும் வாக்கியம் சரியானதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. சித்தப்பாவின் நிறுவனத்தில் எல்லோரும் ஒரு பயிற்சியாளரிடம் நேரில் செய்து காட்டித் தேர்ச்சி பெறும்வரை நெரிப்பானைத் தொடக் கூடாது. பிளம்பரின் பெயர் பட்டியலிலேயே இருந்தது. செய்தியைச் சொன்னபோது அவர் கட்டுப் போட்ட கையோடு கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு மகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை எங்கே வாங்குவது என்று கேட்டார்.

பயிற்சி நடந்த நாளில் புதிய அட்டையைக் கொண்டுபோனேன். இம்முறை ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் வரைந்திருந்தேன். ஆறாவது வரியில், என் கையெழுத்திலேயே, ‘கைப்பிடியைத் திருப்பி மெதுவாக லூஸ் பண்ணவும்’ என்று இருந்தது. பிளம்பர் உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“டீச்சர் லூசுன்னு எழுதிட்டாங்களே.”

யாழ்ப்பாணத்தவர் இருவரும் சிரித்தார்கள். சித்தப்பாகூடச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தத் துணிவில், பல நாட்களாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். கோடையில் இரண்டு தடவை சித்தப்பா கைப்பிடியைத் திருப்பிக் கழற்றியதை அவர் நேரில் பார்த்தவர். ஓடும் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் குழாயில் நெருப்பைக் காட்டும்போது அவருக்குச் சந்தேகமே வரவில்லையா?

“வந்துச்சும்மா” என்றார். அவர் என்னை டீச்சர் என்று சொல்லாத முதல் தடவை அது. “பத்த வெச்சதும் உங்களைத் திரும்பிப் பார்த்தேன்ல. எழுதினவங்க பக்கத்துலதான நிக்கிறாங்க, தப்புன்னா சொல்லுவாங்கன்னு. நீங்க தலையாட்டினீங்க.”

குற்றம் சாட்டும் தொனி துளியும் அதில் இல்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கருவியைத் துடைக்கக் குனிந்தார். முன்கையில் புதுத்தோல் வெளிர் நிறத்தில் பளபளத்தது.

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது கைபேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். அதிகாரி அதைப் பார்த்திருக்கிறார், சித்தப்பா பார்த்திருக்கிறார், நானும் அறிக்கை எழுதும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லோரும் பார்த்தது சுடரைத்தான். விரல்களால் படத்தை விரித்துப் பெரிதாக்கி, சுடரிலிருந்து மேல்நோக்கி நகர்த்தினேன்.

அந்தப் படத்தில் அவர் சுடரைப் பார்க்கவில்லை. புருவம் சற்று உயர்ந்திருக்க, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.